ஓவர்/அண்டர் பந்தயம்: மொத்த ஸ்கோரை வைத்துக் கட்டும் பந்தயம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உலகக் கோப்பைக் கால்பந்து நடக்கும் நாட்களில் சிங்கப்பூரிலோ லண்டனிலோ டொராண்டோவிலோ இருக்கும் உறவினரிடம் பேசினால், "இந்த ஆட்டம் 2.5க்கு மேலே போகும்" என்ற பேச்சு எப்படியும் காதில் விழும். யார் ஜெயிப்பார்கள் என்பதை விட்டுவிட்டு இரண்டரை கோல் என்கிறார்களே என்று குழம்புகிறவர்களுக்காக எழுதியது இது. பந்தயம் கட்டக் கற்றுக்கொடுப்பது நோக்கமில்லை. அந்த எண்களைப் படிக்கத் தெரிந்தால் அவற்றின் பின்னால் நடக்கும் வியாபாரமும் புரிந்துவிடும். கணக்கு கசப்பவர்கள் 2.5 பற்றிய கேள்வியைத் தாண்டிப் போகலாம், 1.90 பற்றிய கேள்வியை மட்டும் தாண்ட வேண்டாம்.

ஓவர்/அண்டர் என்றால் என்ன?

ஓர் ஆட்டத்தில் இரண்டு அணிகளும் சேர்ந்து எத்தனை கோல் அடிக்கும், அல்லது எத்தனை புள்ளி எடுக்கும் என்பதற்குப் பந்தய நிறுவனம் ஓர் எண்ணை அறிவிக்கும். உண்மையான மொத்தம் அந்த எண்ணுக்கு மேலே போகும் என்று நினைப்பவர் 'ஓவர்' பக்கமும், கீழே நிற்கும் என்று நினைப்பவர் 'அண்டர்' பக்கமும் பணம் கட்டுவார்கள். யார் வென்றார்கள் என்பதற்கு இங்கே வேலையே இல்லை. 3-0 ஆனாலும் 2-1 ஆனாலும் மொத்தம் 3தான், 2.5 என்ற எண்ணுக்கு இரண்டும் ஓவர்தான். 2-0, 1-1, 0-0 எல்லாம் அண்டர்.

யாராலும் அரை கோல் அடிக்க முடியாதே, பிறகு ஏன் 2.5?

அடிக்க முடியாது என்பதற்காகத்தான் அந்த அரை. எண்ணை 3 என்று வைத்தால், சரியாக 3 கோல் விழும்போது யாருக்கும் வெற்றி இல்லை, கட்டிய பணத்தைத் திருப்பித் தர வேண்டும். 2.5 என்று வைத்துவிட்டால் ஒரு பக்கம் ஜெயிக்கும், மறுபக்கம் தோற்கும். நடுவே எதுவும் இல்லை.

சரி, 1.5 இல்லாமல், 3.5 இல்லாமல் ஏன் 2.5?

கால்பந்து ஆட்டங்களில் விழும் கோல்களின் சராசரிதான் காரணம். 2014 உலகக் கோப்பையில் 64 ஆட்டங்களில் 171 கோல், 2018இல் 169, 2022இல் 172. மூன்று போட்டிகளிலும் ஓர் ஆட்டத்துக்குச் சராசரி 2.64 முதல் 2.69 வரை. 2010இல் தென்னாப்பிரிக்காவில் மட்டும் 145 கோல், சராசரி 2.27 ஆகச் சுருங்கியது.

சராசரியிலிருந்து வாய்ப்புக்குப் போவதற்கு, பிளஸ் டூ கணக்குப் புத்தகத்தில் படித்த பாய்சான் பரவல் போதும். அரிதாக, ஒன்றையொன்று பெரிதாகச் சாராமல் நடக்கும் நிகழ்வுகளை எண்ணுவதற்கான சூத்திரம் அது. கோல் முழுக்க அப்படிப்பட்டதல்ல. ஒரு கோல் விழுந்ததும் ஆட்டத்தின் போக்கே மாறிவிடும். ஆனாலும் முதல் கணக்குக்கு அது நன்றாகவே பொருந்துகிறது. சராசரி 2.7 என்று வைத்துக்கொண்டால், கோலே விழாத வாய்ப்பு 6.7 சதவீதம், ஒரே கோல் 18.1, இரண்டு கோல் 24.5. கூட்டினால் 49 சதவீதத்தைச் சற்றே தாண்டும். மீதி 50 சொச்சம், மூன்று கோலும் அதற்கு மேலும். ஆட்டத்தை ஏறக்குறைய இரண்டு சம பாதியாகப் பிளக்கும் இடம் 2.5 என்பது இப்படித்தான் வருகிறது.

எல்லா ஆட்டத்துக்கும் இதுவே பொருந்தாது. இங்கிலாந்து பிரீமியர் லீக்கில் 2023-24 பருவத்தில் 380 ஆட்டங்களில் 1,246 கோல், சராசரி 3.28. அதே சூத்திரத்தில் 3.28ஐப் போட்டால் 2.5க்கு மேலே போகும் வாய்ப்பு ஏறக்குறைய 64 சதவீதம் ஆகிவிடுகிறது. அப்போது நிறுவனத்துக்கு இரண்டு வழிகள் உண்டு. எண்ணை 3க்கோ 3.5க்கோ உயர்த்தலாம், அல்லது 2.5ஐ அப்படியே வைத்துக்கொண்டு ஓவர் பக்கத்துக்குத் தரும் பணத்தைக் குறைக்கலாம். இரண்டும் நடக்கும்.

'மேல் 1.90, கீழ் 1.90' என்று போட்டிருக்கிறார்களே, அது என்ன?

இந்தப் பந்தயத்தைப் புரிந்துகொள்ள ஒரே ஒரு விஷயம் தெரிந்தால் போதும் என்றால், அது இதுதான். 1.90 என்பது ஜெயித்தால் கைக்கு வரும் மொத்தப் பணத்தின் மடங்கு. 100 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) கட்டி ஜெயித்தால் 190 வெள்ளி வரும். அதில் 100 நீங்கள் போட்டது, லாபம் 90. தோற்றால் போவது 100.

இப்போது பந்தயக் கடைக்காரர் பக்கம் போய் நின்று பாருங்கள். ஒருவர் ஓவருக்கு 100 வெள்ளி, இன்னொருவர் அண்டருக்கு 100 வெள்ளி கட்டுகிறார். கல்லாவில் 200. ஆட்டம் எப்படி முடிந்தாலும் யாரோ ஒருவருக்கு 190 கொடுத்தால் போதும். பத்து வெள்ளி கல்லாவிலேயே தங்கிவிடுகிறது. அவர் ஆட்டத்தைப் பார்க்கவே வேண்டியதில்லை. கட்டும் பணம் இரண்டு பக்கமும் ஓரளவு சமமாக விழுந்தால், அவர் எதையும் கணிக்காமலேயே 5 சதவீதம் சம்பாதிக்கிறார்.

பந்தயம் கட்டுபவர் பக்கத்திலிருந்து அதே கணக்கு: 1ஐ 1.90ஆல் வகுத்தால் 0.526. அதாவது நூறு முறை கட்டினால் குறைந்தது 53 முறை சரியாகச் சொன்னால்தான் முதலுக்கு மோசமில்லை. சரியாகப் பாதி, 50 முறை சொன்னவர் என்ன ஆவார்? 50 முறை 90 வீதம் 4,500 வெள்ளி வரவு. 50 முறை 100 வீதம் 5,000 செலவு. 500 வெள்ளி நஷ்டம்.

அமெரிக்காவில் ஏறக்குறைய இதையே -110 என்று எழுதுவார்கள். 100 டாலர் லாபம் வேண்டுமானால் 110 டாலர் கட்ட வேண்டும் என்று பொருள். எழுதும் விதம்தான் வேறு. அங்கே முதலுக்கு மோசமில்லாமல் இருக்க 52.4 சதவீதம் சரியாகச் சொல்ல வேண்டும்.

இரண்டில் ஒன்றுதானே, நாணயம் சுண்டுவது போலத்தானே?

வாய்ப்பு அப்படி, கொடுக்கும் பணம் அப்படி இல்லை. பூ விழுந்தால் 90 தருகிறேன், தலை விழுந்தால் 100 கொடு என்று ஒருவர் சொன்னால் நீங்கள் சுண்டுவீர்களா? இது எளிய பந்தயம் என்று பெயர் வாங்கியிருப்பதற்குக் காரணம், கேள்வி எளிதாக இருப்பது. விலை எளிதாக இல்லை. எத்தனையோ பேர் 'மேலா, கீழா' என்று மணிக்கணக்கில் விவாதிப்பார்கள், பக்கத்தில் 1.90 இருக்கிறதா, 1.80 இருக்கிறதா என்று பார்க்க மாட்டார்கள். 1.80 என்றால் 56 சதவீதம் சரியாகச் சொல்ல வேண்டும். பல ஆண்டுகள் தொடர்ந்து அதைச் செய்யக்கூடியவர்கள் மிகச் சிலரே.

ஓவரிலும் அண்டரிலும் சேர்த்தே கட்டிவிட்டால்?

ஒவ்வொரு முறையும் 200 கட்டி 190 வாங்குவீர்கள்.

3, 2.25, 2.75 என்றெல்லாம் எண்கள் வருகின்றனவே?

3 முழு எண். சரியாக மூன்று கோல் விழுந்தால் பணம் திரும்பி வரும். நான்கு விழுந்தால் ஓவர், இரண்டு என்றால் அண்டர்.

கால் எண்கள் ஆசியச் சந்தையில் புழங்குபவை. சிங்கப்பூர், மலேசியா பக்கம் கால்பந்து பேசுபவர்களுக்கு இவை அத்துப்படி. 2.75 என்றால் உங்கள் பணம் இரண்டாகப் பிரிந்து, பாதி 2.5க்கும் பாதி 3க்கும் போகிறது. 2.75 ஓவருக்கு 100 வெள்ளி, 1.90 வீதத்தில் கட்டியிருக்கிறீர்கள். சரியாக மூன்று கோல் விழுகிறது. 2.5க்குப் போன 50 வெள்ளி ஜெயித்து 95 ஆகிறது. 3க்குப் போன 50 வெள்ளி அப்படியே திரும்புகிறது. கையில் 145, லாபம் 45. நான்காவது கோலும் விழுந்திருந்தால் முழு 190.

2.25 இதற்கு மறுபக்கம். 2.25 ஓவர் கட்டி இரண்டே கோல் விழுந்தால், 2க்குப் போன பாதி திரும்பும், 2.5க்குப் போன பாதி போய்விடும். சீட்டில் 'பாதித் தோல்வி' என்று இருப்பதைப் பார்த்து ஏமாற்றிவிட்டார்கள் என்று கவுன்டரில் சண்டை பிடிப்பவர்கள் உண்டு. ஏமாற்றில்லை, கணக்கு அப்படி.

கூடுதல் நேரத்தில் விழும் கோல் கணக்கில் சேருமா?

தகராறுகளில் பாதி இதில்தான் வரும். கால்பந்தில் பொது விதி: 90 நிமிடமும், நடுவர் அதோடு சேர்க்கும் நிறுத்த நேரமும் மட்டும்தான் கணக்கு. நாக் அவுட் சுற்றில் ஆடும் 30 நிமிடக் கூடுதல் நேரமும் பெனால்டி ஷூட்அவுட்டும், தனியாகச் சொல்லியிருந்தால் தவிர, சேராது.

இந்த விதியின் விளைவைப் பார்க்க உலகக் கோப்பை இறுதி ஆட்டங்களே போதும். 2010இல் ஸ்பெயின் 1-0 என்று நெதர்லாந்தை வென்றது. இனியெஸ்டா கோல் அடித்தது 116ஆவது நிமிடத்தில். 2014இல் ஜெர்மனி 1-0 என்று அர்ஜென்டினாவை வென்றது. கோட்ஸே அடித்தது 113ஆவது நிமிடம். வரலாற்றில் இரண்டும் 1-0 என்று பதிவாகிவிட்டன. ஓவர்/அண்டர் கணக்கில் இரண்டும் 0-0. 'ஒரு கோலாவது விழும்' என்று, தோற்கவே முடியாது என நினைக்கத் தோன்றும் 0.5 ஓவர் கட்டியவர்களும் அந்த இரண்டு இரவுகளிலும் தோற்றார்கள்.

2022 கத்தார் இறுதி ஆட்டம் இன்னும் வேடிக்கை. 79 நிமிடம் வரை அர்ஜென்டினா 2-0. எம்பாப்பே 80, 81ஆவது நிமிடங்களில் அடுத்தடுத்து இரண்டு அடித்து 2-2 ஆக்கினார். கூடுதல் நேரத்தில் 108இல் மெஸ்ஸி, 118இல் மீண்டும் எம்பாப்பே, 3-3. பிறகு ஷூட்அவுட்டில் அர்ஜென்டினா 4-2. கண்ணால் பார்த்தது ஆறு கோல், ஷூட்அவுட்டையும் சேர்த்தால் வலைக்குள் போன பந்துகள் பன்னிரண்டு. பந்தயச் சீட்டுக்கு அது 4 கோல் ஆட்டம். 4.5 அண்டர் கட்டியவர் ஜெயித்தார்.

எல்லா விளையாட்டிலும் இப்படித்தானா?

இல்லை. அமெரிக்க விளையாட்டுகளில் பெரும்பாலும் ஓவர்டைமும் சேரும். 2017 பிப்ரவரியில் நடந்த சூப்பர் பவுலில், அதாவது அமெரிக்கக் கால்பந்தின் இறுதி ஆட்டத்தில், நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸ் அணி 28-3 என்று பின்தங்கி, ஆட்ட நேர முடிவில் அட்லான்டா ஃபால்கன்ஸுடன் 28-28 என்று சமன் செய்தது. மொத்தம் 56. ஓவர்டைமில் ஆறு புள்ளி தரும் இன்னொரு டச் டவுன். 34-28, மொத்தம் 62. 56க்கும் 62க்கும் இடையில் எண்ணை வைத்து அண்டர் கட்டியவர்கள், ஜெயித்த பந்தயத்தை அந்த ஒரே தொடர்நகர்வில் தோற்றார்கள். கால்பந்து விதியை மனத்தில் வைத்துக்கொண்டு அமெரிக்க ஆட்டத்தைப் பார்ப்பவர்களும், அமெரிக்க விதியோடு கால்பந்துக்கு வருபவர்களும் ஒரே குழியில்தான் விழுகிறார்கள்.

தன் வலையிலேயே அடித்த கோல்? வீடியோவில் ரத்தான கோல்? பாதியில் நின்ற ஆட்டம்?

சொந்த கோல் சேரும். ஸ்கோரில் ஏறுவது எல்லாம் சேரும். ரத்தான கோல் சேராது. 90 நிமிடம் முடியும் முன் கைவிடப்பட்ட ஆட்டத்துக்குப் பொதுவாகப் பணம் திரும்பும்; ஆனால் 2.5 ஓவர் கட்டி, ஆட்டம் நிற்கும் முன்பே மூன்று கோல் விழுந்திருந்தால் முடிவு ஏற்கெனவே தெரிந்துவிட்டது என்று சில இடங்களில் பணம் கொடுப்பார்கள், சில இடங்களில் கொடுக்க மாட்டார்கள். விதிப் புத்தகத்தில் எழுதியிருக்கும். கட்டிய பிறகுதான் பலரும் அதைத் திறக்கிறார்கள்.

காலையில் 2.5 என்று இருந்தது, மாலையில் 2.75. ஏன் நகர்கிறது?

செய்தி ஒன்று, பணம் ஒன்று. முதல் கோல்கீப்பருக்குக் காயம், முன்கள வீரருக்கு ஓய்வு, மைதானத்தில் கனமழை, காற்று என்று ஏதாவது தெரிய வந்தால் எண் மாறும். செய்தியே இல்லாமலும் ஒரு பக்கம் பணம் குவிந்தால், மறுபக்கத்தைக் கவர்ச்சியாக்க எண்ணையோ விகிதத்தையோ நகர்த்துவார்கள். பொதுவாக மக்களுக்கு ஓவர் பிடிக்கும். கோல் விழ வேண்டும் என்று வேண்டிக்கொண்டு பார்ப்பது சுகம். விழக் கூடாது என்று 90 நிமிடம் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது தண்டனை.

கடந்த ஐந்து ஆட்டங்களின் கோல் கணக்கைப் பார்த்துச் சொல்லிவிடலாமே?

நீங்கள் பார்க்கும் அந்தக் கணக்கு எண்ணை வைத்தவரிடமும் இருக்கிறது, கூடவே கணினியும் நூறு பேர் கொண்ட குழுவும் இருக்கின்றன. தவிர, ஐந்து ஆட்டம் என்பது மிகச் சிறிய கையளவு.

கணக்கில் ஏறாத காரணங்களும் உண்டு. 1982 உலகக் கோப்பையில் ஸ்பெயினின் கிகோன் நகரில் மேற்கு ஜெர்மனியும் ஆஸ்திரியாவும் மோதின. மேற்கு ஜெர்மனி ஒன்று அல்லது இரண்டு கோல் வித்தியாசத்தில் ஜெயித்தால் இரண்டு அணிகளும் அடுத்த சுற்றுக்குப் போகும், அல்ஜீரியா வெளியேறும் என்ற நிலை. முந்தைய நாளே தன் ஆட்டத்தை அல்ஜீரியா முடித்துவிட்டதால் இது இருவருக்கும் தெரியும். பத்தாவது நிமிடத்தில் ஹ்ரூபெஷ் ஒரு கோல் அடித்தார். அதன் பிறகு இரண்டு அணிகளும் பந்தை மைதான நடுவில் மெல்லத் தட்டிக்கொண்டே நேரத்தைக் கடத்தின. அரங்கில் இருந்தவர்கள் கூச்சலிட்டார்கள். 1-0 என்றே முடிந்தது. அந்த ஆட்டத்துக்குப் பிறகுதான் ஒரே பிரிவின் கடைசி ஆட்டங்களை ஒரே நேரத்தில் நடத்தும் வழக்கம் வந்தது. எந்தச் சராசரியும் அன்றைய ஆட்டத்தைச் சொல்லியிருக்காது. புள்ளிப் பட்டியலைப் பார்த்தவர் சொல்லியிருப்பார்.

மறுகோடியில் 2014 அரையிறுதி. பிரேசில் மண்ணில் பிரேசிலுக்கு எதிராக ஜெர்மனியின் மூன்றாவது கோல் 24ஆவது நிமிடத்தில் விழுந்தது. 29ஆவது நிமிடத்தில் ஐந்து. முடிவு 7-1. 2.5 அண்டர் கட்டியவர்கள் கால் மணி நேர இடைவெளிக்குள் முதல் கோலையும் மூன்றாவது கோலையும் பார்த்துவிட்டார்கள்.

கூடைப்பந்து, பேஸ்பால் போன்றவற்றில் எண்கள் எப்படி இருக்கும்?

அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ.வின் இன்றைய ஆட்டங்களில் மொத்தம் 220ஐ ஒட்டியே பேசுவார்கள். எப்போதும் அப்படி இருக்கவில்லை. 1950 நவம்பர் 22 அன்று ஃபோர்ட் வேன் பிஸ்டன்ஸ் அணி மினியாபொலிஸ் லேக்கர்ஸை 19-18 என்று வென்றது. இரண்டு அணிகளும் சேர்ந்து 37 புள்ளி! எதிரணியின் உயரமான வீரருக்குப் பயந்து பந்தைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்கள். அப்போது அதைத் தடுக்க விதி இல்லை. இப்படிப்பட்ட இழுத்தடிப்புகளால் ரசிகர்கள் சலித்துப்போகவே, 24 விநாடிக்குள் பந்தைக் கூடை நோக்கி எறிந்தாக வேண்டும் என்ற விதி 1954இல் வந்தது. அதே பிஸ்டன்ஸ், பிறகு டெட்ராய்ட்டுக்குக் குடிபெயர்ந்து, 1983 டிசம்பர் 13 அன்று டென்வர் நகட்ஸை மூன்று ஓவர்டைமுக்குப் பிறகு 186-184 என்று வென்றது, மொத்தம் 370. ஆட்ட நேரத்தில் மட்டும் 145-145. ஒரு விதி மாறினால் மொத்தம் என்னவெல்லாம் ஆகும் என்பதற்கு அந்த ஒரே அணியின் இரண்டு ஆட்டங்கள் சாட்சி.

பேஸ்பாலில் இடம் பேசும். டென்வரில் இருக்கும் கூர்ஸ் ஃபீல்டு மைதானம் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய ஒரு மைல் உயரத்தில் இருக்கிறது. காற்று அங்கே மெல்லியது. அடித்த பந்து அதிக தூரம் பறக்கும், வீச்சாளரின் பந்து குறைவாகவே வளையும். 1995இல் மைதானம் திறந்ததிலிருந்து ஓட்டங்கள் குவிந்ததால், 2002 முதல் பந்துகளை ஈரப்பதம் கட்டுப்படுத்திய அறையில் வைத்து எடுத்து வருகிறார்கள். அப்படியும் அந்த மைதானத்து ஆட்டங்களுக்கு வைக்கும் எண் மற்ற இடங்களைவிட உயரத்தில்தான் இருக்கும்.

டென்னிஸில் மொத்த கேம்களை எண்ணுவார்கள். ஐந்து செட் ஆட்டத்துக்கு நாற்பதை ஒட்டி எண் இருப்பது சகஜம். 2010 விம்பிள்டனில் இஸ்னரும் மஹூவும் ஆடியது 183 கேம்.

கிரிக்கெட்டில்?

நம் ஊர் வாசகர்களுக்கு இது சட்டெனப் புரியும் இடம். 2024 ஐ.பி.எல்.லில் ஏப்ரல் 15 அன்று பெங்களூரு சின்னசாமி மைதானத்தில் ஹைதராபாத் 287 எடுத்தது, பெங்களூரு பதிலுக்கு 262. மொத்தம் 549. அதே ஹைதராபாத், அதே பருவத்தில், மே 26 அன்று சேப்பாக்கத்தில் நடந்த இறுதி ஆட்டத்தில் 113க்குச் சுருண்டது. கொல்கத்தா 10.3 ஓவரில் 114 எடுத்துக் கோப்பையைத் தூக்கியது. மொத்தம் 227. அதே மட்டைகள், அதே ஆட்கள், நாற்பது நாள் இடைவெளி.

கிரிக்கெட்டுக்கே உரிய இன்னொரு சிக்கல்: இரண்டாவது அணி இலக்கை எட்டியதும் ஆட்டம் முடிந்துவிடும். ஆகவே முதல் அணி குறைவாக எடுத்தால் இரண்டாவது அணியும் குறைவாகத்தான் எடுக்க முடியும். மொத்தம் இரண்டு மடங்காகச் சரியும். மழை வந்து ஓவர்கள் குறைந்தால் பல நிறுவனங்கள் பந்தயத்தையே ரத்து செய்துவிடும்.

இந்தியாவில் கள்ளச் சந்தையில் புழங்குவது பெரும்பாலும் முழு ஆட்டத்தின் மொத்தம் அல்ல, முதல் ஆறு ஓவரில் எத்தனை, இந்த ஓவரில் எத்தனை என்பது போன்ற சின்னச் சின்ன ஓவர்/அண்டர்கள். ஊழலுக்கு வசதியான இடமும் அதுதான். ஓர் ஆட்டத்தின் மொத்தத்தை வளைக்கப் பத்துப் பேர் வேண்டும். ஓர் ஓவரின் ரன்னை வளைக்கப் பந்து வீசுபவர் ஒருவர் போதும். 2013 ஐ.பி.எல்.லின்போது ராஜஸ்தான் ராயல்ஸ் வீரர்கள் மூவரை டெல்லி போலீஸ் கைது செய்தபோது வைத்த குற்றச்சாட்டே, குறிப்பிட்ட ஓவரில் சொன்ன அளவுக்கு ரன் விட்டுக்கொடுக்க ஒப்புக்கொண்டார்கள் என்பதுதான். 2015இல் டெல்லி நீதிமன்றம் அவர்களை வழக்கிலிருந்து விடுவித்தது.

ஆட்டம் நடக்கும்போதே கட்டுவது லாபமா?

நேரம் ஓட ஓட எண் இறங்கும். கோல் விழுந்தால் தாவி ஏறும். முதல் பாதி 0-0 என்றால் 2.5 என்ற எண்ணுக்கு ஓவர் பக்கம் 3, 4 மடங்கு என்று ஆசை காட்டும். ஆசை காட்டுவதற்குக் காரணம் உண்டு: மிச்சமிருக்கும் 45 நிமிடத்தில் மூன்று கோல் விழ வேண்டும். இன்னொன்று, உங்கள் திரையில் ஓடும் காட்சி உண்மையான ஆட்டத்துக்குச் சில விநாடிகள் பின்தங்கியது. இணைய ஒளிபரப்பில் தாமதம் இன்னும் அதிகம். மைதானத்திலிருந்து நேரடித் தரவு வாங்கும் நிறுவனம் உங்களுக்கு முன்பே பெனால்டியைப் பார்த்துவிடுகிறது. பக்கத்து வீட்டில் கோல் சத்தம் கேட்ட பிறகு நம் திரையில் கோல் விழுகிறதே, அதே கதைதான்.

டெலிகிராமில் ஒருவர் தொடர்ந்து ஐந்து ஆட்டம் சரியாகச் சொன்னார். ஆறாவதுக்குக் காசு கேட்கிறார். நம்பலாமா?

அவர் எப்படிச் சொன்னார் என்று பாருங்கள். 3,200 பேரின் தொலைபேசி எண்ணைச் சேகரிக்கிறார். பாதிப் பேருக்கு 'ஓவர்', பாதிப் பேருக்கு 'அண்டர்' என்று அனுப்புகிறார். தவறாகச் சொல்லப்பட்டவர்களை விட்டுவிடுகிறார். மிச்சம் 1,600 பேர். அவர்களையும் இரண்டாகப் பிரிக்கிறார்: 800, 400, 200, கடைசியில் 100. அந்த நூறு பேரும் தங்கள் கண்ணாலேயே ஐந்து தொடர் வெற்றிகளைப் பார்த்தவர்கள். அவரைத் தெய்வமாகவே நினைப்பார்கள். ஆளுக்கு 5,000 ரூபாய் கேட்டால் கொடுப்பார்கள். இதற்குக் கால்பந்து தெரிந்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. 'முன்பே முடிவு செய்யப்பட்ட ஆட்டம், உள்ளிருந்து தகவல்' என்று சொல்பவர்களைப் பற்றிப் பேசவே வேண்டாம். உண்மையிலேயே அந்தத் தகவல் இருப்பவர் அதை 5,000 ரூபாய்க்கு விற்றுக்கொண்டிருக்க மாட்டார்.

சட்டம் என்ன சொல்கிறது?

இந்தியாவில் பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளை மொத்தமாகத் தடை செய்யும் மத்தியச் சட்டம் 2025 ஆகஸ்ட் 22 அன்று குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்றது. அப்படிப்பட்ட சேவையை நடத்துபவருக்கு மூன்று ஆண்டு வரை சிறையும் ஒரு கோடி ரூபாய் வரை அபராதமும், விளம்பரம் செய்பவருக்கு இரண்டு ஆண்டு வரை சிறையும் 50 லட்சம் வரை அபராதமும் அதில் உண்டு. ஆடுபவரைத் தண்டிக்கும் பிரிவு அந்தச் சட்டத்தில் இல்லை. ஆனால் தமிழ்நாட்டின் 2022ஆம் ஆண்டு இணையவழிச் சூதாட்டத் தடைச் சட்டத்தில் ஆடுபவருக்கும் மூன்று மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் உண்டு. வாட்ஸ்அப்பில் வரும் வெளிநாட்டுச் செயலியின் இணைப்பு எந்த உரிமமும் பெற்றதல்ல. ஜெயித்த பணம் வரவில்லை என்றால் புகார் கொடுக்கவும் இடமில்லை.

சிங்கப்பூரில் விளையாட்டுப் பந்தயம் நடத்த உரிமம் உள்ள ஒரே நிறுவனம் சிங்கப்பூர் பூல்ஸ். மற்ற இணையதளங்களில் கட்டுவது குற்றம். பிரிட்டனில் 18 வயது நிறைந்தவர்கள் உரிமம் பெற்ற நிறுவனங்களில் கட்டலாம். கிரெடிட் கார்டில் கட்டுவதற்கு 2020 ஏப்ரல் முதல் தடை. கனடாவில் தனியொரு ஆட்டத்தின் மீது பந்தயம் கட்ட 2021 ஆகஸ்டில் அனுமதி வந்தது. அமெரிக்காவில் 2018 மே மாதத்து உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு அந்தந்த மாநிலத்தின் விருப்பம்.

வீட்டில் ஒருவருக்கு இது பழக்கமாகிவிட்டது. என்ன செய்வது?

கடனை அடைத்துக் கொடுத்தால் சரியாகிவிடும் என்று பல குடும்பங்கள் நினைக்கின்றன. அடைத்த மறுமாதம் புதுக் கடன் நிற்கும். முதலில் பணம் போகும் வழிகளைக் கட்ட வேண்டும்: யு.பி.ஐ., கடன் செயலிகள், கூட்டு வங்கிக் கணக்கு. இந்தியாவில் மத்திய அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416. தமிழிலும் பேசலாம், கட்டணம் இல்லை. பிரிட்டனில் கேம்ஸ்டாப் என்ற ஏற்பாட்டில் ஒருவர் தானே பதிவு செய்துகொண்டால் உரிமம் பெற்ற எல்லா இணைய நிறுவனங்களும் அவரை உள்ளே விடக் கூடாது. சிங்கப்பூரில் சூதாட்டப் பிரச்சினைக்கான தேசிய மன்றம் இருக்கிறது. குடும்பத்தாரே விண்ணப்பித்து ஒருவரைத் தடுக்கவும் அங்கே வழி உண்டு.

பணம் கட்டாதவருக்கு இந்த எண்களால் ஏதாவது பயன் உண்டா?

உண்டு. இன்றைய ஆட்டம் எப்படி இருக்கும் என்று ஒரு கூட்டமே சேர்ந்து போட்ட மதிப்பீடாக இதைப் படிக்கலாம். மொத்தத்தோடு, எந்த அணி எத்தனை புள்ளி முன்னணியில் இருக்கும் என்ற எண்ணையும் சேர்த்துக்கொண்டால் எதிர்பார்க்கும் ஸ்கோரே கிடைத்துவிடும். மொத்தம் 48, முன்னணி 6 என்றால், இரண்டையும் கூட்டிப் பாதியாக்குங்கள்: 27. மற்ற அணிக்கு மீதி 21. கால்பந்திலும் இதே கணக்குதான். மொத்தம் 3, முன்னணி 1 என்றால் 2-1.

2019 பிப்ரவரி சூப்பர் பவுலுக்கு இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். பேட்ரியட்ஸும் லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸும் மோதிய அந்த ஆட்டத்துக்கு மொத்தம் 56ஐ ஒட்டியும், பேட்ரியட்ஸின் முன்னணி இரண்டு, இரண்டரைப் புள்ளி அளவிலும் இருந்தன. கணக்குப்படி 29-27. ஆட்டம் முடிந்தபோது பலகையில் 13-3 என்று இருந்தது.